பில்லில் 36, டயரில் 28: காரில் வெளியூர் கிளம்புகிறவர்கள் கவனத்துக்கு

கோடை விடுமுறைக்குக் காரில் ஊருக்குப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். சென்னையில் பெரிய போர்டும் ஏசி அறையும் வைத்திருக்கும் ஒரு டயர் கடை, நான் கேட்ட அளவுக்குக் காற்றுப் பிடிக்காமலேயே பிடித்ததாகப் பில் போட்டு அனுப்பிவிட்டது. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

திருநெல்வேலி பயணம். ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். என் வண்டிக்கு அதில் இரண்டு காற்றழுத்த அளவுகள்: ஆள் குறைவாகப் போனால் 32 பிஎஸ்ஐ, முழு பாரத்துக்கு 36. கடையில் அந்த ஸ்டிக்கரையே காட்டி, "முழு லோடு, ஹைவேயில் ரொம்ப தூரம் போகிறோம், ஸ்டெப்னி உட்பட எல்லாவற்றிலும் 36 வையுங்கள்" என்றேன். "நைட்ரஜன் போட்டுடலாம் சார், அது வெயிலுக்கு விரியாது" என்றார் அங்கிருந்தவர். ஐந்து டயருக்கும் நைட்ரஜன், அளவு 36 என்று பில்லில் தெளிவாக அச்சாகியிருக்கிறது.

விழுப்புரம் வரை ஒன்றும் தெரியவில்லை. 100ஐ ஒட்டியே போய்க்கொண்டிருந்தோம். உளுந்தூர்பேட்டை தாண்டிய பிறகு, லேன் மாறும்போதெல்லாம் பின்பக்கம் அலைவது போல இருந்தது. பெரம்பலூர் அருகே சாலையோரப் பஞ்சர் கடையில் நிறுத்தினேன். பின்பக்க இடது டயரின் பக்கச்சுவரில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

கடைக்காரப் பெரியவர் கேஜை வைத்துப் பார்த்தார். மூன்று டயர்களில் 31. இடது பின் டயரில் 24தான். அவர் வால்வு வாயில் கொஞ்சம் எச்சிலைத் தடவினார். மெல்லக் குமிழி வந்தது. காற்றுப் பிடித்தபோது வால்வு ஊசியைக் கழற்றியவர்கள் சரியாக முடுக்கவில்லை. டயரைக் கழற்றி உள்ளே காட்டினார். காபித்தூளைக் கொட்டியது போலக் கருப்பாக ரப்பர் பொடி. பக்கச்சுவர் உள்ளுக்குள் அரைபட்டுக்கொண்டே வந்திருக்கிறது. "இது போச்சு தம்பி. வெளியில பார்த்தா தெரியாது. இதே வேகத்துல இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா பிச்சுக்கிட்டுப் போயிருக்கும்" என்றார். பின் சீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஸ்டெப்னியை எடுத்தால் அதில் 22. அதை யாரும் தொடவே இல்லை. பணம் மட்டும் வாங்கியிருக்கிறார்கள்.

சூடான டயரில் 31 என்றால் ஏதோ பரவாயில்லை என்று தோன்றலாம். அப்படி இல்லை. ஸ்டிக்கரில் இருப்பது குளிர்ந்த டயருக்கான அளவு, அதாவது வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு பார்க்கும் அளவு. நெடுஞ்சாலையில் ஓடினால் தானாகவே நான்கு பிஎஸ்ஐ வரை ஏறும். அப்படியானால் குளிர்ந்த நிலையில் என் டயர்களில் 27தான் இருந்திருக்கிறது. பெரியவரும் அந்தக் கணக்கில்தான் மற்ற மூன்றிலும் 40 வைத்தார். மறுநாள் காலை மதுரையில், வண்டியை எடுக்கும் முன் பார்த்தபோது சரியாக 36 காட்டியது.

சென்னைக் கடைக்குப் போன் செய்தேன். கிடைத்த பதில்: "வெயில் காலத்துல நாங்க யாருக்கும் 28க்கு மேல வைக்கிறதில்ல சார், வெடிச்சா எங்களத்தான் கேப்பீங்க." இதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது, ஏனென்றால் பல கடைகளில் இதே நம்பிக்கை இருக்கிறது. டயர் ஓட ஓட அழுத்தம் கூடும் என்பது தெரிந்துதான் கார் கம்பெனி அந்த அளவைக் கொடுக்கிறது. காற்றுக் குறைந்த டயர் தரையைத் தொடும் இடத்தில் அதிகமாக மடங்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் டயர் நொடிக்குப் பதினான்கு, பதினைந்து சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த மடிப்பு. அந்தச் சூட்டில்தான் ரப்பரும் உள்ளே இருக்கும் நூலடுக்குகளும் பிரிகின்றன. வேகமும் பாரமும் கூடக்கூடக் காற்று அதிகம் வேண்டும். சில கார்களின் கையேட்டில் அதிவேகத்துக்குத் தனி அளவே கொடுத்திருப்பார்கள். நைட்ரஜன் விரியாது என்பதும் பொய். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி விரியும். ஈரம் இருக்காது, சற்று மெதுவாகக் கசியும், அவ்வளவே.

சரி, அவர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை என்றால் என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம், வேறு கடைக்குப் போயிருப்பேன். 28 வைத்துவிட்டு 36 என்று பில் அடித்தது ஏமாற்று வேலை.

சில நூறு ரூபாய்க்கு நல்ல கேஜ் கிடைக்கிறது, வாங்கி வண்டியில் போடுங்கள். கடையை விட்டு நகரும் முன் ஸ்டெப்னி உட்பட ஐந்தையும் பாருங்கள், கிளம்பும் நாள் காலையில் இன்னொரு முறை. பயணத்தின் நடுவே சூடான டயரிலிருந்து காற்றை இறக்க யாரையும் விடாதீர்கள். டயரின் பக்கவாட்டில் 44, 51 என்று பொறித்திருப்பது அந்த டயருக்கான உச்ச வரம்பு. அதைப் பார்த்துக் காற்றுப் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் தவறு.

பில், டயர் உட்புறத்தின் படம் இரண்டையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண் மூலம் புகார் பதிந்திருக்கிறேன். புது டயருக்கு ஆன செலவைக் கடை தராவிட்டால் அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான்.