ஸ்காபரோவில் ஒரு நேர்ஸ் பிரக்டிஷனர் கிளினிக்: ஹெல்த் காட் மட்டும் போதும்

எங்கள் குடும்ப வைத்தியர் ஓய்வு பெற்ற பிறகு அப்பாவுக்கு நிலையான ஓர் இடம் கிடைக்கவில்லை. முன்பதிவு இல்லாமல் போகும் வோக்-இன் கிளினிக்குக்குப் போனால் ஒவ்வொரு முறையும் ஒரு புதுமுகம். பழைய குளிசையைத் திரும்ப எழுதித் தருவார்கள், அதோடு சரி. இப்போது நேர்ஸ் பிரக்டிஷனர்கள் நடத்தும் ஒரு கிளினிக்கில் அவரைப் பதிந்திருக்கிறோம். "அது நேர்ஸ்தானே, டொக்டர் இல்லையே" என்று எங்கட ஆக்கள் பலர் தயங்குவதால்தான் கொஞ்சம் விபரமாக எழுதுகிறேன்.

அப்பாவைப் பார்ப்பவரின் பெயர் அட்டையில் ஆர்.என். ஈ.சி. என்று போட்டிருக்கிறது. பதிவு பெற்ற தாதியாக வேலை செய்து, அதற்கு மேல் பல்கலைக்கழகத்தில் படித்து, தனிப் பரீட்சையும் எழுதித் தேறியவர்களுக்குத்தான் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அந்தப் பதிவு. போக முதலே, தாதிமாரைப் பதிந்து கண்காணிக்கும் கொலிஜ் ஒஃப் நேர்ஸஸ் ஒஃப் ஒன்ராறியோவின் இணையத்தளத்தில் அவருடைய பெயரைத் தட்டிப் பார்த்தேன். பதிவு நடப்பில் இருக்கிறதா, ஒழுக்காற்று நடவடிக்கை ஏதும் உண்டா என்பதெல்லாம் அதில் வரும். காசும் இல்லை, லொகின்னும் இல்லை, யாரும் பார்க்கலாம். நோயைக் கண்டுபிடிப்பது, மருந்து எழுதுவது, ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்புவது எல்லாம் இவர்களே செய்யலாம். 2022 முதல் சி.ரி., எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கும் எழுதித் தர முடிகிறது.

அடுத்தது காசு. இங்கேதான் நிறையப் பேர் மாட்டுப்படுகிறார்கள். டொக்டர்மார் அனுப்புவது போல நேர்ஸ் பிரக்டிஷனர்கள் ஓஹிப்புக்கு, அதாவது மாகாணத்தின் அரச மருத்துவக் காப்புறுதிக்கு, நேரடியாக பில் அனுப்ப முடியாது. மாகாண சுகாதார அமைச்சு காசு கொடுத்து நடத்தும் கிளினிக் என்றால் அவர்களுக்குச் சம்பளம் அங்கிருந்தே வரும், எங்களுக்கு ஹெல்த் காட் போதும். 2007இல் சட்பரி நகரில் இப்படியான முதலாவது கிளினிக் தொடங்கிய நாளில் இருந்து இப்படித்தான் நடக்கிறது. தனியார் இடங்கள் வேறு மாதிரி. இதற்கு முதல் விசாரித்த ஓர் இடத்தில், போனில் கேட்டபோது "ஓஹிப் எடுப்போம்" என்றார்கள். நேரில் போன பிறகுதான், அது இரத்தப் பரிசோதனைக்கு மட்டும், தங்களைப் பார்ப்பதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு என்றார்கள். வயதான மனிதரை வெளிக்கிடுத்திக் கூட்டிக்கொண்டு போன பிறகு சொல்கிற கதையா அது? எனக்கு இன்னும் ஆத்திரம்தான். டொக்டர் செய்கிற அதே வேலையை நேர்ஸ் பிரக்டிஷனர் செய்தால் அதற்கும் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சர் மார்க் ஹொலண்ட் மாகாணங்களுக்கு எழுதியிருந்தார். நடைமுறைக்கு வரும் நாளாக 2026 ஏப்ரல் 1 குறிக்கப்பட்டது. ஆனாலும் போனிலேயே, "உங்களைப் பார்ப்பதற்குக் காசு உண்டா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

இந்தக் கிளினிக்கில் அதை நாங்கள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. எதெதற்கு ஹெல்த் காட், எதெதற்குக் காசு என்று பதியும்போதே ஒரு தாளில் தந்தார்கள். வேலைக்குக் கொடுக்கும் சிக் நோட், இன்சூரன்ஸ் படிவம் போன்றவற்றுக்குத்தான் கட்டணம்.

எனக்கு மனம் நிறைந்தது அப்பாவை அந்த நேர்ஸ் பிரக்டிஷனர் சோதித்த விதத்தில். அப்பாவுக்குச் சீனி வருத்தம் வந்து கனகாலம், அதற்கு மெற்போமின் குளிசை போடுகிறார். வழமையாக நான்தான் மொழிபெயர்ப்பேன். நேர்ஸ் பிரக்டிஷனர் என்னை இருக்கச் சொல்லிவிட்டு, ஸ்பீக்கர் போனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுத்தார். அப்பா தன் பாட்டில் கதைக்கத் தொடங்கினார்: "இரவிலை கால் விறைக்குது பிள்ளை. செருப்புக் கழண்டாலும் தெரியிறேல்லை." எனக்கு ஒரு நாளும் சொல்லாத விஷயம்.

உடனே சப்பாத்தையும் காலுறையையும் கழற்றச் சொன்னார். நுனியில் நைலோன் இழை பொருத்திய ஒரு குச்சியை எடுத்தார். பத்துக் கிராம் அழுத்தத்தில் இழை வளையுமாம். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் ஒவ்வோர் இடமாக அதை வைத்து அழுத்தினார். பட்டால் "ஓம்" சொல்ல வேண்டும். பெருவிரலுக்குக் கீழே வைத்தபோது அப்பா பேசாமல் இருந்தார். இழை வளைந்து நின்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெற்போமினை நெடுங்காலம் போட்டால் விற்றமின் பி12 குறையலாம், அதாலும் கால் விறைக்கும் என்று சொல்லி, சில மாதச் சராசரிச் சீனி அளவைக் காட்டும் ஏ1சி, சிறுநீரகப் பரிசோதனைகளோடு அதையும் எழுதினார். எல்லாவற்றுக்கும் ஓஹிப். விற்றமின் டி-யும் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். சில குறிப்பிட்ட நோய்கள் இருந்தால் தவிர அதற்குக் கைக்காசு கட்ட வேண்டும், அப்பாவுக்கு இப்போது அது தேவையில்லை என்றார். முடிவு வந்ததும் அவரே போன் எடுத்தார். பி12 குறைவுதான், குளிசை தொடங்கியாயிற்று. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஓஹிப்பில் கண் பார்க்கலாம் என்று அதற்கும் நாள் எடுக்கச் சொன்னார்.

குறை இல்லாமல் இல்லை. பின்னேரம் ஐந்துக்குப் பிறகு திறந்திருப்பது கிழமையில் ஒரு நாள்தான். வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அது பெரிய கரைச்சல். காலையில் போன் லைன் கிடைப்பதும் கஷ்டம். குடும்ப வைத்தியரிடம் ஏற்கெனவே பதிவில் இருப்பவர்களை எடுக்க மாட்டார்கள். புதிதாகச் சேர்பவர்களுக்குக் காத்திருப்புப் பட்டியல் இருக்கிறது, படிவத்தை முன்மேசையில் வாங்கலாம். முதல் நாள் போகும்போது ஹெல்த் காட்டோடு வீட்டில் இருக்கிற மருந்துப் போத்தல்கள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத்தான் பதிவு எழுதுகிறார்கள்.