மூன்று கோடை பார்த்த கூலரும் பீரோ கைப்பிடியும்

நேற்று கூலருக்கு இரண்டாவது தடவையாகப் பம்ப் மாற்றினேன். கை முழுக்க உப்புத் தூளோடு உட்கார்ந்திருந்த நேரத்தில் குடியாத்தத்திலிருந்து மச்சான் போன் பண்ணினான். "மாமா, நீங்க வச்சிருக்கிற அதே கூலர் விலை இறங்கியிருக்கு, வாங்கிடட்டுமா?" இருந்த கோபத்தில் "வேணாம்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அந்த ஒரு சொல்லில் முடிகிற விஷயம் இல்லை இது.

40 லிட்டர் டேங்க், தேன்கூடு பேட் (தண்ணீரில் நனைந்து காற்றைக் குளிரவைக்கும் அட்டை). காற்று எவ்வளவு தூரம் வீசும் என்பதெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

எங்களுக்கு வேலூர் சத்துவாச்சாரியில் மாடி வீடு. மார்ச் பிறந்துவிட்டால் மத்தியானக் காற்றில் சொட்டு ஈரம் இருக்காது. பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து பீரோ கைப்பிடியைத் தொட்டால் சுளீர். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பாலியஸ்டர் போர்வையை உதறினால் படபடவென்று நீலப் பொறி. ஒருநாள் அதே நாற்காலியிலிருந்து எழுந்து மகள் கன்னத்தைத் தொட்டேன். 'டப்' என்று சத்தம். குழந்தை வீறிட்டு அழுதது. இரண்டு நாள் நான் கை நீட்டினாலே அம்மா பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அந்த இரண்டு நாளை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

கரண்ட் கசிகிறதோ என்று பயந்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தொட்டதும் ஒரே தடவை அடிச்சு அடங்கினா அது உங்க உடம்புல சேர்ந்த சார்ஜ் சார். கையை எடுக்காம வச்சிருக்கும்போதும் விறுவிறுன்னு இருந்தா அதுதான் லீக்கேஜ். உடனே மெயினை அணைச்சிடுங்க." கசிகிற கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழி காய்ந்து கிடந்ததையும் அவர்தான் காட்டினார். கோடையில் அதில் அவ்வப்போது ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுகிறேன். பீரோ ஷாக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் தண்ணீரோடு ஓடுகிற கூலருக்கு எர்த் சரியாக இருந்தே ஆக வேண்டும். தண்ணீர் ஊற்றும்போது பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும்.

உரசலில் சேர்கிற சார்ஜ் ஏறக்குறைய 3,000 வோல்ட்டைத் தாண்டினால்தான் நமக்குச் சுரீர் என்று தெரியுமாம். வோல்ட் அவ்வளவு இருந்தாலும் சார்ஜின் அளவு துளிதான், அதனால் உயிருக்கு ஆபத்தில்லை. காற்றில் ஈரம் இருந்தால் பொருள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படிந்து, சார்ஜ் சேரச் சேர வழிந்துவிடும்.

இதெல்லாம் தெரிந்து கூலர் வாங்கவில்லை. வெயிலுக்குத்தான் வாங்கினேன். ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது, பீரோ அடிக்கவே இல்லை! சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி வைத்தேன். கூலர் போடும் முன் 27 சதவீதம், ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு 52. வேண்டுமென்றே நாற்காலியில் உரசி உரசி எழுந்து கைப்பிடியைத் தொட்டேன். ஒன்றுமில்லை. மகள் மடியில் வந்து உட்கார்ந்தாள். அந்த ஒன்றுக்காகவே இந்த கூலருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

இப்போது உப்பு. எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பு, லிட்டருக்கு 1,500 மில்லிகிராம். 40 லிட்டர் ஆவியானால் 60 கிராம் உப்பு மிச்சம், அது டேங்கிலும் பேடிலும்தான் உட்காரும். ஏப்ரலில் பேடைத் தொட்டால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி நறநறக்கும். பம்ப்பின் சின்ன விசிறி கல்லுக்குள் புதைந்த மாதிரி இறுகிவிடும். சர்வீஸ் ஆள் சாதாரணமாகச் சொல்கிறார், "போர் தண்ணி ஊத்தினா வாரண்டி கிடையாது சார்." வேலூரில் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் குடிக்கப் பிடிப்போமா, கூலருக்கு ஊற்றுவோமா? இந்த ஊரில் விற்கிறவர்களுக்கு இந்த ஊர்த் தண்ணீர் தெரிய வேண்டாமா? வாரம் ஒருமுறை டேங்கைச் சுத்தமாக வடித்து, மாதம் ஒருமுறை பம்ப்பை சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்தும் இதுதான் கதி.

நியாயமாகச் சொன்னால், பெருமை முழுக்க கூலருக்குப் போகாது. அதே சமயத்தில் என் மனைவி வீட்டில் பாலியஸ்டர் விரிப்பை எல்லாம் எடுத்துவிட்டு காட்டன் போட்டாள். நானும் வீட்டுக்குள் ரப்பர் செருப்பை விட்டுவிட்டேன். போன மார்ச்சில் பம்ப் நின்று கூலர் பத்து நாள் சும்மா கிடந்தபோது ஷாக் திரும்பி வந்தது, ஆனால் பழையதில் பாதிகூட இல்லை. அப்போதெல்லாம் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்து அதன் முனையால் பீரோவைத் தொடுவேன். பொறி சாவியில் தெறிக்கும், விரலில் வலிக்காது.

அதனால் மச்சானுக்குச் சொன்னதை மாற்றப் போவதில்லை. ஷாக்குக்காக மட்டும் என்றால் நான்கு காட்டன் விரிப்பும் ஒரு சாவியும் போதும், இந்த கூலர் வேண்டாம். மழை பிடித்துவிட்டால் இது வெறும் புழுக்கம்தான்.

நான் மட்டும் நேற்று கடையில் பம்ப் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வந்திருக்கிறேன். ஒன்று பீரோவுக்குள் இருக்கிறது.