குரோம்பேட்டை: குடிவர நினைப்பவர்களுக்கு

திருநெல்வேலிப் பக்கமிருந்து சென்னைக்கு மாற்றலாகி வருபவர்கள் முதலில் விசாரிப்பது பெருங்களத்தூரைத்தான். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு ஊருக்குப் போக அது இன்னும் வசதி. நான் குரோம்பேட்டையை எடுத்ததற்குக் காரணம் அலுவலகம். மின்சார ரயிலில் ஏறினால் ஆறாவது நிறுத்தம் கிண்டி. ஜிஎஸ்டி சாலை நெரிசல் நமக்கில்லை.

தண்ணீர்தான் தலைவலி. வீடு பார்க்கும்போதே குழாயைத் திறந்து கையில் சோப்பு போட்டுப் பாருங்கள். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு, நுரையே வராது. வாளியில் வெள்ளையாகப் படிந்துவிடும். குடிக்க கேன்தான்.

அப்புறம் மழை. 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்கம் வீடு பார்த்தால் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை, "இங்கெல்லாம் தேங்காது சார்" என்பார். மாடிப்படிக்குக் கீழே கரண்ட் மீட்டரைப் பாருங்கள். பழைய இடத்தின் தடம் சுவரில் தெரிய, புதிதாக உயர்த்தி மாட்டியிருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

தரகர் ஒரு மாத வாடகை கேட்பார், சரி. பத்து மாத அட்வான்ஸ் என்றால் மட்டும் அசராமல் பேரம் பேசுங்கள், இறங்குவார்கள். கடைகளுக்குக் குறைவில்லை. கார் நிறுத்தத்தான் இடமில்லை.