கல்கிசைக் கடலா, நீர்கொழும்புக் களப்பா?

கொழும்பு வெள்ளவத்தையில் ஜன்னலைத் திறந்தால் கடல். அதை விட்டுவிட்டு, கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகை ஓட்ட நீர்கொழும்புக்கு வான் பிடிப்பதா என்று மச்சான் சிரித்தான். போன வருடம் என்றால் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பேன். இப்போது இரண்டு இடத்துக்கும் கூட்டமாகப் போய்ப் பார்த்தாயிற்று.

செலவைப் பார்த்தால் கல்கிசைதான். விடியற்காலை ரயிலில் ஏறி, இறங்கி, மணலில் நடந்தால் கடல். ஜனவரி முதல் மார்ச் வரை காலை ஏழு மணிக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும். தரையிலிருந்து வீசும் மெல்லிய காற்று படகை முன்னே தள்ளிக் கொடுக்கும். அதை நம்பித் தூரம் போனால் திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். பத்து மணிக்குப் பிறகு கடல்காற்று எழும்பினால் அலையும் கிளம்பிவிடும்.

கரையை விட்டுப் போவதும் கரைக்குத் திரும்புவதும்தான் கடலில் வேலை. நானும் அக்காவும் இரட்டைக் கயாக்கில் வந்தோம். கரைக்கு இருபது அடி இருக்கும். பின்னால் வந்த அலை படகின் வாலைத் தூக்கியது, அதன் மூக்கு மணலில் குத்தியது, படகு அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. இடுப்பளவு தண்ணீர்தான், ஆழமில்லை. ஆனால் எழுந்து நின்ற இடம் படகுக்கும் கரைக்கும் நடுவில். அடுத்த அலை கயாக்கைத் தூக்கி என் தொடையில் அடித்தது. நீலம் மறைய இரண்டு வாரம். அக்காவின் கண்ணாடி கடலோடு போனது. கவிழ்ந்தால் முதலில் படகின் கடல் பக்கத்துக்குப் போக வேண்டும் என்பதை அன்றுதான் படித்தேன். வாடகைக்குத் தந்தவர் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டில் கிளிப் உடைந்து நைலோன் கயிறு கட்டியிருந்ததையும் கரையிலேயே பார்த்திருக்கலாம்.

இன்னொன்று: கல்கிசையிலிருந்து வெள்ளவத்தை வரை 4 கிலோமீற்றர் அளவு. வரைபடத்தில் சின்னத் தூரம்தான். ஆனால் தெஹிவளையைத் தாண்டினால் தண்டவாளத்தைக் காக்கப் போட்ட கருங்கற்கள் நீளத்துக்கு இருக்கும். களைத்தவரை இறக்கிவிட இடம் கிடைப்பது அரிது. எங்கள் பதினொரு பேரில் நால்வருக்கு நீந்தத் தெரியாது. கெட்டிக்காரர்கள் முன்னே பறக்க, அந்த நால்வரும் பின்னே தனித்துவிட்டார்கள். கால்வாய் கடலில் விழும் இடத்து நாற்றத்தைச் சொல்லத் தேவையில்லை. 2022 ஜனவரியில் இந்தப் பக்கக் கடலில் முதலை திரிந்ததையும் எங்களில் யாரும் மறக்கவில்லை.

நீர்கொழும்புக் களப்பு, அதாவது கடலோடு சேரும் உப்பங்கழி, 3,000 ஹெக்டேயருக்கு மேல் பரந்தது. சராசரி ஆழமோ ஒரு மீற்றருக்கும் குறைவு. கவிழ்ந்தாலும் பல இடங்களில் எழுந்து நிற்கலாம். சேறு செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். கண்டல் மரங்களின் வேர்ப்பக்கம் துடுப்பைத் தூக்கி வைத்துவிட்டுச் சும்மா மிதந்தோம். நீர்க்காகங்கள் கம்புகளில் இறகை விரித்துக் காய்ந்தன. கட்டுநாயக்கவிலிருந்து எழும்பிய விமானம் தலைக்கு மேலே போனது. நீந்தத் தெரியாத நால்வரும் அங்கேதான் முதல்முறை சிரித்தார்கள்.

குறையில்லாமலும் இல்லை. தண்ணீர் கலங்கல், எஞ்சின் படகுகள் வேகமாகக் குறுக்கே வரும், மீனவர் வலை கட்டிய கம்புகளைச் சுற்றித்தான் போக வேண்டும். அது அவர்களுடைய சோறு. கடலோடு சேரும் வாய்ப்பக்கம் நீரோட்டம் இழுக்கும், அங்கே போகவே கூடாது. வான் கூலி வேறு.

பொல்கொடை ஏரியையும் ஒருவர் சொன்னார். கிட்ட இருக்கிறது, அமைதியானது. ஆனால் கடல் என்று சொல்லிக் கூட்டிப்போய் ஏரியைக் காட்டினால் மச்சான் விடமாட்டான். முதலை பயம் அங்கேயும் உண்டு.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அந்த மாதங்களில் கல்கிசைக் கடல் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

சரி, இந்த முறை பதினொரு பேரும் நீர்கொழும்பு. நீந்தத் தெரிந்தவர்கள் மட்டும் அடுத்த ஞாயிறு கல்கிசை, காலை ஒன்பதுக்கு முன் கரை. அக்கா கண்ணாடிக்குக் கயிறு வாங்கிவிட்டார்.