ரேக்கில் ஒரு நேரத் திரை: ஆயத்தக் கருவியா, ராஸ்பெரி பையா, இணைய நேரமா?

தேசியத் தகவலியல் மையமோ தேசிய இயற்பியல் ஆய்வகமோ நடத்தும் நேர வழங்கிகளுடன், அல்லது அவற்றை மூலமாகக் கொண்ட வழங்கிகளுடன், கணினிக் கடிகாரங்களை ஒத்திசைக்க வேண்டும் என்று, இந்தியாவின் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஆணை பிறப்பித்தது. இலந்தைக்குளம், வடபழஞ்சி தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களின் அலுவலகங்களுக்கு மட்டுமன்றி, நூறு இருநூறு கணினிகளோடு இயங்கும் மதுரை மருத்துவமனைக்கும் கப்பலூர்த் தொழிற்பேட்டையின் ஆலைக்கும் இது பொருந்துகிறது. அத்தகைய நிறுவனம் தன் சர்வர் அறையில் கருவிகளை அடுக்கும் சட்டமான ரேக்கில், முகப்பில் திரையுள்ள ஒரு நேர வழங்கியை வைக்க விரும்பினால் அதற்கு மூன்று வழிகள் உண்டு. ஆயத்தமாக விற்கப்படும், ரேக்கில் ஓர் அடுக்கு இடம் மட்டும் பிடிக்கும் கருவியை வாங்கலாம். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியையும், செயற்கைக்கோள்களிலிருந்து நேரம் பெறும் ஜிபிஎஸ் தொகுதியையும் கொண்டு தானே அமைத்துக்கொள்ளலாம். ஆன்டெனாவே இல்லாமல், இணையத்திலிருந்து நேரம் பெறும் பழைய சர்வர் ஒன்றுக்குத் திரையை இணைத்துவிடலாம்.

இம்மூன்றையும் நான் துல்லியத்தைக் கொண்டு ஒப்பிடவில்லை. பதிவேடுகளின் நேர முத்திரைக்குச் சில பத்து மில்லி நொடித் துல்லியம் போதும். அதை மூன்றுமே தரும். என் அளவுகோல் திரைதான். செயற்கைக்கோளோடு ஒத்திசைந்து ஓடும் கடிகாரமும், ஆன்டெனா கேபிள் அறுந்து இரண்டு நாளாகத் தன்போக்கில் ஓடும் கடிகாரமும் ஒரே மாதிரியான எண்களையே காட்டும். ஆகவே மணியை எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறது என்பதைவிட, அந்த மணியை நம்பலாமா கூடாதா என்பதைத் திரை சொல்கிறதா என்பதே முக்கியம்.

மைன்பெர்க் நிறுவனத்தின் லேன்டைம், மைக்ரோசிப் நிறுவனத்தின் சிங்க்சர்வர் போன்ற ஆயத்தக் கருவிகள் இந்தத் தேர்வில் எளிதாக வெல்கின்றன. ஒத்திசைவு நிலை, பிடிபட்ட செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை, ஆன்டெனா கோளாறு ஆகியவற்றைக் காட்டுவதற்கென்றே அவற்றின் முகப்பு வடிவமைக்கப்பட்டிருக்கிறது. முதல் அமைப்பும் முகப்பிலேயே முடிகிறது: முகவரி, வலைமறைப்பு, நுழைவாயில் ஆகியவற்றை முகப்பு விசைகளால் ஒவ்வோர் எண்ணாக ஏற்றிவிட்டு, எஞ்சியதை உலாவியில் செய்துகொள்ளலாம். நேர வழங்கிக்கு மாறாத முகவரி கட்டாயம் என்பதால் இந்த வசதியின் அருமை நிறுவும் நாளன்றே புரியும். அமைத்து முடிந்ததும் விசைகளைப் பூட்டிவிட வேண்டும். பராமரிப்புக்கு வருபவர் தெரியாமல் தொட்டால்கூட முகவரி மாறிவிடக்கூடும். விலை லட்சங்களில் என்பதுதான் தடை.

அந்த விலையில் ஒரு பகுதி, கடிகாரத்தை ஓடவைக்கும் சீரான துடிப்பைத் தரும் அலையியற்றிக்கானது. ஆன்டெனா செயலிழந்தபின் கடிகாரம் எவ்வளவு விலகும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. சாதாரணக் கணினியின் அலையியற்றியான படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால் ஒரு நாளில் 1.7 நொடி விலகிவிடும். வெப்ப ஈடு செய்யப்பட்ட படிகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் விலகல் 86 மில்லி நொடி. வெப்பநிலையை நிலையாகப் பேணும் சூளைக்குள் வைக்கப்பட்ட படிகம் இதைவிடப் பல மடங்கு மேல். ருபீடியம் அணுக் கடிகாரம் அதனினும் மேல், ஆனால் மருத்துவமனைக்கோ ஆலைக்கோ அது தேவையில்லை.

ராஸ்பெரி பை வழியில் செலவு சில ஆயிரங்களோடு நின்றுவிடும், உழைப்பு நிற்காது. ஜிபிஎஸ் தொகுதி, நேரத்தை எழுத்து வரிசையாகத் தொடர்முனை வழியே அனுப்புகிறது. நொடி தொடங்கும் கணத்தை ஒரு துடிப்பாகத் தனிக் கம்பியில் தருகிறது. துடிப்பு மைக்ரோ நொடிக்குள் துல்லியமானது. எழுத்து வரிசையோ சில நூறு மில்லி நொடி தாமதமாக வரக்கூடும். கணினிக் கடிகாரத்தைத் திருத்தும் க்ரோனி மென்பொருள் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இந்தத் துடிப்பு எந்த நொடிக்குரியது என்று முடிவு செய்கிறது. எழுத்து வரிசையின் தாமதத்தை அளந்து ஈடு செய்யாவிட்டால், அது அரை நொடியைத் தாண்டும்போது துடிப்பு முந்தைய நொடியோடு பொருத்தப்பட்டு, கடிகாரம் மிகத் துல்லியமாக ஒரு நொடி பிழையாக ஓடும். எந்தத் திரையும் இதைத் தானாகக் காட்டிக்கொடுக்காது. தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் வழங்கியையும் தகவலியல் மையத்தின் வழங்கிகளையும் ஒப்பீட்டுக்காக உடன் சேர்த்தால்தான் முரண்பாடு வெளிப்படும். செர்ட்-இன் ஆணைக்கும் அதுவே விடையாகிறது. ஒப்பீட்டு மூலங்கள் இரண்டோடு நின்றுவிடக் கூடாது. இரண்டு முரண்பட்டால் எது சரி என்று சொல்ல வழியில்லை.

திரையைப் பொறுத்தவரை இந்த வழியில் விருப்பம்போல் தேர்ந்தெடுக்கலாம். தேர்வு தவறவும் செய்யலாம். நான்கு வரி, 20 எழுத்துக் கொண்ட நீர்மப்படிகத் திரை மலிவானது, நிலைத் தகவல்களுக்கும் இடமுண்டு. ஆனால் அறையின் குளிரூட்டி நின்ற ஒரு சித்திரைப் பிற்பகலில் வெப்பம் ஏறும்போது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு குலைந்து அதன் பின்னணியே கறுத்துவிடும். பின்புறமுள்ள திருகு மின்தடையைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஓலெட் திரை கண்ணுக்கு அழகு, ஆனால் மாறாமல் நிற்கும் எழுத்துகள் சில ஆண்டுகளில் அதில் தழும்பாகப் பதியும். ஏழு கூறு எல்ஈடி எண்கள் அறையின் மறுகோடியிலிருந்தும் தெரியும், நீடித்தும் உழைக்கும். மணியைத் தவிர வேறெதையும் சொல்லாது என்பதால், என் அளவுகோலில் அது கடைசி இடத்தையே பெறுகிறது. பச்சை, சிவப்பு நிலை விளக்கு இரண்டைச் சேர்த்தால் மட்டும் ஏற்றுக்கொள்வேன்.

எழுத்துத் திரைகளை இயக்கும் எல்சிடிபிராக் மென்பொருளோடு வரும் கடிகாரப் பக்கம் கணினியின் மணியை மட்டுமே காட்டும். ஒத்திசைவு நிலையைக் காட்டச் சிறு நிரல் ஒன்றை எழுதி அம்மென்பொருளின் 13666 என்ற பிணைய வாயிலில் இணைக்க வேண்டும். அந்த நிரல் எதைக் காட்ட வேண்டும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆன்டெனா போனபின்பும் க்ரோனி தன்னை, செயற்கைக்கோள் போன்ற மூலத்தோடு நேரடியாக இணைந்த முதல் அடுக்கு வழங்கியாகவே சொல்லிக்கொண்டிருக்கும். கணித்த பிழை வரம்பு மட்டும் மெல்ல வளரும். ஆகவே அடுக்கு எண்ணைப் பெரிதாகக் காட்டுவது ஏமாற்று வேலை. கடைசியாக மூலத்திலிருந்து நேரம் பெற்று எவ்வளவு காலமாயிற்று என்பதையும் பிழை வரம்பையும் காட்ட வேண்டும். மாறாக, நொடியின் பத்தில் ஒரு பங்கைத் திரையில் ஓடவிடுவது வீண். எல்சிடிபிராக் இயல்பாகவே நொடிக்கு எட்டு முறைதான் திரையைப் புதுப்பிக்கிறது.

இணைய நேரத்தை மட்டும் நம்பும் மூன்றாம் வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. போய்வரும் நேரம் 50 மில்லி நொடியானால் பாதை எவ்வளவு சமச்சீரற்றதாக இருந்தாலும் பாதையால் வரும் பிழை 25-ஐத் தாண்டாது; ஆணையின் சொற்களுக்கும் இதுவே நேரடியாகப் பொருந்துகிறது. இணைப்பு அறுந்தால் சாதாரணப் படிகத்தோடு தனித்துவிடும் என்பதே குறை. எழுத்துத் திரைக்கும் நிரலுக்கும் மேலே சொன்னவை அப்படியே பொருந்தும்.

ஆன்டெனா உள்ள இரண்டு வழிகளுக்கும் மதுரையின் வானம் ஓரளவு நல்லது, ஓரளவு தொல்லை. ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வடக்கிலும் தெற்கிலும் தலைக்கு மேலும் தெரியும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மறைக்காத இடம் கிடைத்தால் போதும். ஆனால் பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், சூரியச் செயல்பாடு மிகுந்த ஆண்டுகளில் அந்தி மயங்கியபின் அயனிமண்டலக் கொந்தளிப்பால் சமிக்ஞைகள் துள்ளி அறுபடுவதுண்டு. வழிகாட்டலுக்கான மலிவுத் தொகுதி நேரத்தைக் கணிக்க நான்கு கோள்களைத் தேடும். நேரத்துக்கென்றே செய்யப்பட்ட ஜிபிஎஸ் ஏற்பியோ, தன் இடத்தை ஒருமுறை அளந்து நிலைநிறுத்திக்கொண்டபின் ஒரே கோளைக் கொண்டும் சமாளிக்கும். ஆயத்தக் கருவியில் இது பெரும்பாலும் இருக்கும். ராஸ்பெரி பைக்கும் அத்தகைய தொகுதியைக் கேட்டு வாங்குவதே நல்லது. கேபிளின் தாமதம், மீட்டருக்கு ஏறத்தாழ 5 நானோ நொடி வீதம் 30 மீட்டருக்கு 150 நானோ நொடி, நம் தேவைக்குப் பொருட்டே அல்ல. பொருட்படுத்த வேண்டியது இடி. கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் மொட்டை மாடியிலிருந்து சர்வர் அறைக்கு இறங்கும் கம்பி மின்னலுக்கு நேர்வழி. கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே நிலத்தொடர்புள்ள காப்பான் இல்லாமல் எந்தக் கருவியையும் நிறுவக் கூடாது.

மாதாந்திரப் பராமரிப்புக்கான நாள் முழுதுமான மின்தடையில் யூ.பி.எஸ். ஓய்ந்துபோனால், மின்சாரம் வந்தபின் ஏற்பி முதலிலிருந்து தொடங்கும். ஜிபிஎஸ் நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் இப்போது 18 நொடி வேறுபாடு. அந்த எண் கோள்களின் செய்தித் தொடரில் 12.5 நிமிடத்துக்கு ஒருமுறையே வருவதால், அது வரும்வரை சில தொகுதிகள் நொடிக்கணக்கில் பிழையான மணியைக் காட்டக்கூடும். நல்ல ஆயத்தக் கருவி அதுவரை ஒத்திசையவில்லை என்றே திரையில் சொல்லும். ராஸ்பெரி பை 4-இல் மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் தனிக் கடிகாரமே இல்லை; ஐந்தாம் பதிப்பில் மின்கலம் இணைத்தால் உண்டு.

இந்திய நேரத்தைத் திரைக்கு மட்டுமே அமைக்க வேண்டும். வழங்கி எப்போதும் உலகப் பொது நேரத்தையே அனுப்பும். ஐந்தரை மணி நேரத்தை மூலத்தின் திருத்தமாக ஏற்றிவிட்டால் திரை சரியாகவும் எல்லாக் கணினிகளும் தவறாகவும் இருக்கும்.

பழைய ஆயத்தக் கருவிகளை மலிவாக வாங்குவதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஜிபிஎஸ்ஸின் வார எண் 1024 வாரத்துக்கொருமுறை சுழியத்துக்குத் திரும்புகிறது. 2019 ஏப்ரலில் திரும்பியபின் பல பழைய ஏற்பிகள் ஏறத்தாழ 20 ஆண்டு முந்தைய தேதியையே காட்டுகின்றன.

பணம் இருந்தால் சூளைப் படிகமுள்ள ஆயத்தக் கருவி. இல்லையெனில், பராமரிக்க ஆள் உள்ள இடத்தில் நேர ஏற்பியோடு ராஸ்பெரி பை. ஆளும் இல்லாத இடத்தில் இணைய நேரம் என்பது என் வரிசை. எதை வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் விற்பவர் முன்னிலையிலேயே ஆன்டெனா கேபிளைக் கழற்றி, திரை அதை எத்தனை நிமிடத்தில் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். கால் மணி நேரமாகியும் மணி மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் அந்தத் திரையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.