எலும்பு சிமென்ட்: கிண்ணத்தில் கலந்ததா, வேக்குவத்தில் கலந்ததா?

“எங்கம்மாவுக்கு நல்ல கம்பெனி சிமென்ட்டாப் பார்த்துப் போடச் சொல்லுங்க சிஸ்டர்” என்றார் தாராவியிலிருந்து வந்தவர். அம்மாவை இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்குச் சேர்த்திருந்தார். செயற்கை மூட்டை எலும்போடு பிடித்து நிறுத்துவதுதான் இந்த எலும்பு சிமென்ட். மும்பையில் பல வருஷமாக ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிறேன். எல்லோரும் கம்பெனியைத்தான் கேட்கிறார்கள், எப்படிக் கலப்பீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான்.

வழக்கமான பாக்கெட்டில் 40 கிராம் பவுடர், 20 மில்லி திரவம். இரண்டும் சேர்ந்தால் சில நிமிஷங்களில் கல்லாகிவிடும்.

கிண்ணத்தில் கரண்டியால் கலப்பது பழைய முறை. செலவில்லை, கருவி வேண்டாம். ஆனால் ஒவ்வொரு முறை கிண்டும்போதும் காற்று உள்ளே போகிறது. இட்லி மாவில் குமிழி இருந்தால்தான் பஞ்சாக வரும். சிமென்ட்டுக்கு அதே குமிழிதான் கேடு. ஒருமுறை மீந்துபோன உருண்டையை, இறுகிய பிறகு சுத்தியலால் உடைத்துப் பார்த்தேன். உடைந்த முகமெங்கும் குண்டூசித் துளைகள், நடுவில் மிளகளவு ஒரு குழி. கையால் கலந்ததில் கனஅளவில் 5 சதவீதத்துக்கு மேல் காற்று நிற்பது சாதாரணம். வேக்குவத்தில், அதாவது மூடிய குழாயிலிருந்து பம்பால் காற்றை உறிஞ்சிக்கொண்டே, சரியாகக் கலந்தால் 1 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும்.

ஆனால் நசுக்கிப் பார்க்கும் சோதனையில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. எலும்பு சிமென்ட்டுக்கான சர்வதேசத் தர விதியான ஐஎஸ்ஓ 5833 கேட்கும் நசுக்குத் தாங்குதிறன் 70 மெகாபாஸ்கல், கிண்ணத்தில் கலந்ததும் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். வித்தியாசம் தெரிவது களைப்பில், அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கும்போது. நடமாடும் ஒருவர் ஒரு காலை வருஷத்துக்குச் சுமார் 10 லட்சம் தடவை ஊன்றுகிறார். பெரிய குமிழி இருக்கும் இடத்தில்தான் விரிசல் பிறக்கும், ஒவ்வொரு அடிக்கும் துளித்துளியாக நீளும். அதனால் இடுப்புக்கு வேக்குவம்தான் என்பது என் முடிவு. மூடிய குழாயில் கலப்பதால் திரவத்தின் காட்டமான நெடியும் எங்கள் மூக்கில் ஏறாது.

வேக்குவத்திலும் தவறு செய்ய இடமுண்டு. உறிஞ்சும் விசை அளவு மீறினால் திரவமே கொதித்துப் புதுக் குமிழி உண்டாகும். கெட்டிரகச் சிமென்ட்டை முன்கூட்டியே குளிர வைக்காவிட்டால் காற்று சரியாக வெளியேறாது. குளிர வைத்தால் இறுகவும் கூடுதல் நேரமாகும், டாக்டர் அவசரப்படக் கூடாது. ஸ்வீடனின் இடுப்பு மாற்றுப் பதிவேட்டில் வேக்குவச் சிமென்ட் முதல் சில வருஷங்களில் பின்தங்கி, பிறகுதான் முந்தியது. புது முறைக்குக் கை பழகும் காலம் அது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

நடுவில், கலந்த சிமென்ட்டை வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃப்யூஜும் வந்தது. சுழற்றினால் குமிழி குறையும், ஆனால் எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் போடும் கனமான தூள் ஒரு பக்கமாக ஒதுங்கலாம். வேக்குவம் வந்த பிறகு அதற்கு வேலை குறைந்துவிட்டது.

ஆன்டிபயாடிக் சேர்ப்பதாக இருந்தால் தூளாகத்தான் சேர்க்க வேண்டும், கட்டியில்லாமல். திரவ மருந்தை ஊற்றினால் எந்த முறையில் கலந்தாலும் பலம் விழுந்துவிடும்.

பம்ப் இல்லாத சின்ன ஆஸ்பத்திரியில் கிண்ணம்தான் கதி. அங்கே அடித்துக் கலக்காமல், விநாடிக்கு ஒன்றிரண்டு சுற்றாக நிதானமாகக் கிண்டுங்கள். தியேட்டர் சூட்டையும் பாருங்கள், மே மாதப் புழுக்கத்தில் நினைப்பதற்கு முன்பே இறுகிவிடும்.

அந்த அம்மா மறுநாள் லிஸ்டில் இரண்டாவது கேஸ். முந்தின நாள் சாயங்காலமே பம்பின் அழுத்தமானியைச் சரிபார்த்து, சிமென்ட் பெட்டியை ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினேன்.