ஓநாயைச் சுடுவதா, கொடி கட்டித் தடுப்பதா?

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் ஓநாய்களைப் பெருமளவில் கொல்ல 2021இல் சட்டம் போட்டது. சுட்டால் ஆடுமாடுகளை ஓநாய் தாக்கும் தொல்லை கொஞ்ச காலம் நிற்கும், உண்மைதான். ஆனால் ஒன்றிரண்டை மட்டும் சுட்டால் அடுத்த தாக்குதலுக்கு இடைநிலை (நடு மதிப்பு) இடைவெளி 64 நாள்தான். கூட்டத்தையே அழித்தால் 730. ஐடஹோ, மொன்டானா, வயோமிங் தரவு சொல்வது இது. காலியான எல்லைக்குள் புதுக் கூட்டமும் வந்துவிடும். இத்தனை உயிரைக் கொடுத்து வாங்குவது இரண்டே வருட நிம்மதி.

மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கட்டும் கொடிக்கயிற்றை முதலில் முயல வேண்டும்; ஆடும் துணியைக் கண்டு ஓநாய் பயப்படும். கயிற்றில் 45 செ.மீ.க்கு ஒன்று வீதம் சிவப்புத் துணிக்கீற்றுகள். நுனி தரையிலிருந்து 15 செ.மீ.க்குள் தொங்கணும், இல்லையென்றால் ஓநாய் அடியில் நுழைந்துவிடும். காற்றில் துணி கயிற்றோடு சுருண்டுகொள்ளும். தினமும் சுற்றிவந்து பிரித்துவிட வேண்டும். இரண்டு மாதத்தில் ஓநாய்க்குப் பயம் தெளியும், அதனால் ஆடுமாடுகள் ஈனும் பருவத்தில் மட்டும் கட்டுங்கள். பரந்த மலை மேய்ச்சலுக்குக் கொடி உதவாது. அங்கே இரவுப் பட்டியும் காவல் நாயும்தான்.